அப்போண்டி வீட்டுக் கை

இந்த வருஷம் மழை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடவில்லை. ஏரிக்கு மேலே கறுத்துக் கிளம்பி, அசெம்போ கரை முழுவதையும் நனைத்து, இரவில் பெய்வதும் பகலில் வெயில் அடிப்பதுமாக, மக்காச்சோளத்துக்கென்றே கேட்டு வாங்கிய மழைபோலப் பெய்தது. ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வயலில் இருந்தார்கள். அவோகோ மட்டும் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய மேட்டு வயல் உழுது தயாராகக் கிடந்தது. கொழுந்தன் ஒவிட்டி தன் மாடுகளை ஓட்டிவந்து உழுது கொடுத்திருந்தான். விதையும் சாம்பலில் புரட்டித் தகரடப்பாவில் இருந்தது. ஆனால் போட முடியாது. ஒரே வளவுக்குள் இரண்டு பெண்டாட்டிகள் வாழ்ந்தால், மூத்தவள் விதைத்த பிறகுதான் இளையவள் விதைக்கலாம். புருஷன் ஒகூதா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த வரிசை மட்டும் போகவில்லை. மீறினால் சிரா பிடிக்கும். சிரா பிடித்த வீட்டில் என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது, ஒவ்வொருவராகத் தேய்ந்துபோவார்கள். அப்படித் தேய்ந்த வீடுகளை அவோகோ கண்ணால் பார்த்திருக்கிறாள். காரணம் சிராவா வேறு வியாதியா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், சோதித்துப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

மூத்தவள் அப்போண்டிக்கோ விதைக்க இன்னும் மனசு வரவில்லை.

"அக்கா, மழை பெய்யுது" என்று காலையிலும் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கும் காது இருக்கு. கூரை தகரந்தானே."

"ஊரே போட்டு முடிச்சிருச்சு."

"ஊருக்கு அவசரம். எனக்கென்ன? மேல் மண்ணுதான் நனைஞ்சிருக்கு, உள்ள பொடி. இப்பப் போட்டவங்கல்லாம் அப்புறம் தலையில கைவச்சு உக்காருவாங்க, பாத்துக்கிட்டே இரு."

"தோண்டிப் பாத்தேன்க்கா. முழங்கை ஆழம் ஈரம் இருக்கு."

"உன் முழங்கை குட்டை."

அவோகோ வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கேட்க வந்தது போய்விடும். "பேருக்கு நாலு குழி போட்டு வச்சிட்டாக் கூடப் போதும்க்கா. மிச்சத்தை நீ நிதானமாப் போட்டுக்கலாம். எனக்கு வழி விட்ட மாதிரி இருக்கும்."

"பேருக்கா?" அப்போண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒகூதா வீட்டு மூத்தவ பேருக்கு விதைச்சான்னு ஊர் பேசணுமா? நான் இறங்கினா வயல் முழுக்கப் போட்டுட்டுத்தான்டி ஏறுவேன். என்னைக்கு இறங்கணும்னு எனக்குத் தெரியும். நீ போயி உன் பானையைப் பாரு, செமேக்காரி."

செமே அவோகோ பிறந்த ஊர். நல்ல மனநிலையில் இருந்தால் அப்போண்டி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கோபம் வந்தால் ஊர் வந்துவிடும்.

அவோகோவின் பானை சாதாரணப் பானை அல்ல. தேவாலயத்தைச் சேர்ந்த விதவைப் பெண்கள் சேர்ந்து வைத்திருக்கும் பானை அது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் அவள் முற்றத்துக்குத்தான் வருவார்கள். சோளக்களி, கீரை, கிடைத்தால் ஒமேனாக் கருவாடு. பாதிப் பிள்ளைகள் இரவில் அவள் வீட்டிலேயே தரையில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். நடுவில் எழுந்து வெளியே போகிறவர்கள் யாரையாவது மிதிக்காமல் போக முடியாது. மற்ற பெண்கள் விறகு தருவார்கள், கீரை தருவார்கள். சோளம் மட்டும் அவோகோவின் வயலில் இருந்து வரவேண்டும். போன தடவை மழை ஏமாற்றியபோது பானையில் தண்ணீர் கூடிக்கொண்டே போய், களி கஞ்சியாகி, கஞ்சி வெந்நீர் மாதிரி ஆனது. அதையும் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொன்ன பிள்ளைகள் அவை. அந்த வார்த்தையை இன்னொரு வருஷம் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

இந்தப் பானைக்குத் துணையாகத்தான் ஹலீனா வந்திருந்தாள். போலந்துக்காரி, கல்யாணம் ஆகாதவள், நாற்பதைத் தாண்டியவள். அவள் ஊரில் டிராம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாளாம். நீண்ட லீவு எடுத்துக்கொண்டு, தன் செலவில், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். போன பருவத்துக் களையெடுப்பு நேரத்தில் வந்து இறங்கியதால், களையெடுப்பில் பிறக்கும் பெண் குழந்தைக்கு வைக்கிற அதோயோ என்ற பேரை அவோகோ அவளுக்கு வைத்தாள். அந்தப் பேரை ஹலீனா கம்மல் மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தாள். ஊரில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "நான் அதோயோ" என்பாள்.

வந்த விருந்தாளி மூத்தவள் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று அப்போண்டி முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்போண்டிக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், இப்போது இரண்டு பேரும் உயிரோடு இல்லை. வளர்த்த பேத்தியையும் தாய்வழிக்காரர்கள் மொம்பாசாவுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அதன் பிறகு, "பிள்ளைங்க சத்தம் எனக்கு ஆகாது" என்று சொல்லி வீட்டில் ஒருத்தரையும் சேர்க்காமல் இருந்தவள், இந்த வெள்ளைக்காரியோடு மட்டும் விடியும் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் ஹலீனாவுக்குப் புரியாது. புரியாதவளிடம் பேசுவதில் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

ஹலீனாவால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. உழுத நிலம் ஈரத்தோடு சும்மா கிடப்பதை. அவளும் உருளைக்கிழங்கு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள்தான்.

"ஏன் விதை இல்லை?" என்று தினமும் கேட்டாள்.

"அப்போண்டி அக்கா போடணும். அப்புறம் நான்."

"அப்போண்டி எப்போ?"

"அதை அவகிட்ட கேளு, அதோயோ. நான் கேட்டா முழங்கையை அளக்கிறா."

பெரியவர்களுக்கு முதலில் சோறு போடுவதுபோல இதுவும் ஒரு மரியாதை என்றுதான் ஹலீனா நினைத்தாள். மரியாதையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மழை போய்விடும் என்றும் நினைத்தாள். பாவம், நல்ல எண்ணத்துக்குக் கைகால் முளைத்தால் அது ஓர் இடத்தில் நிற்காது.

அன்றைக்குச் சந்தை. விடியுமுன் அவோகோ கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். ஒமேனா மலிவாக வந்திருந்தது. காய்ந்த மீன் கூடையில் சலசலக்க, மனசும் கொஞ்சம் லேசாகி, மேட்டு வழியாகத் திரும்பி வந்தாள். தன் வயலோரம் வந்ததும் கால் நின்றுவிட்டது.

வயலில் கோடு கோடாகக் குழி போட்டு மூடியிருந்தது. இந்த முனையில் ஒரு குச்சி, அந்த முனையில் ஒரு குச்சி, நடுவில் இழுத்துக் கட்டிய சிவப்புக் கம்பளி நூல். நூல் பிடித்ததுபோல் என்பார்களே, நிஜமாகவே நூல் பிடித்திருந்தது. கடைசி வரிசையில் முழங்கால் வரை சேறோடு ஹலீனா நிமிர்ந்து நின்று, கையைத் தூக்கி ஆட்டினாள். பக்கத்தில் காலியான தகரடப்பா.

"அவோகோ! எல்லாம் முடிஞ்சது! நான் போட்டேன்! நான் மட்டும்!"

 அவோகோ கூடையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஓடிப்போய் முதல் வரிசையில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். யாரும் பார்க்கவில்லை. எல்லா விதையையும் பொறுக்கி எடுத்துவிட்டால் போடாத மாதிரிதான். கிளறக் கிளற விதைகள் சாம்பல் பூசிய பல் மாதிரி வெளியே வந்தன. ஹலீனாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"தப்பா? ஆழம் தப்பா?"

"ஆழமெல்லாம் சரி, மகராசி! ஆளுதான் தப்பு! எடு, எடு, நீயும் எடு!"

"செமே அண்ணி, போட்டதையே எதுக்குத் தோண்டுறீங்க?"

நிமிர்ந்து பார்த்தால் ஒவிட்டி. மாடுகளைத் தண்ணிக்கு ஓட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தான். வயலைப் பார்த்தான், நூலைப் பார்த்தான், சேறு அப்பிய வெள்ளைக் கால்களைப் பார்த்தான். சொல்லாமலே அவனுக்கு விளங்கிவிட்டது. வாயில் இருந்த வேப்பங்குச்சியை எடுத்துத் துப்பினான்.

"பெரிய அண்ணி இன்னும் போடல இல்ல?"

"போடல."

"சரியாப் போச்சு" என்றான் ஒவிட்டி. "கையைக் கழுவிட்டு வாங்க. மறைச்சா ரெண்டு தப்பு."

மத்தியானப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க, அப்போண்டியின் வாசலில் கூடினார்கள். ஒவிட்டிக்கென்று இருக்கும் உயரமான நாற்காலியில் அப்போண்டி உட்கார்ந்திருந்தாள். அவன் ஸ்டூலில் உட்கார வேண்டியதாயிற்று. அவோகோ தரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.  சொல்லி முடித்ததும் இடியை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இடி வரவில்லை. அப்போண்டி கைத்தடியால் தரையில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள்.

"முழு வயலுமா போட்டா?" என்று கடைசியில் கேட்டாள்.

"முழுசும்தான்க்கா. வரப்பு வரைக்கும். நான் சந்தைக்குப் போன நேரம். சத்தியமா நான் சொல்லல."

"நீ சொன்னேன்னு யாரு சொன்னா."

ஒவிட்டி தொண்டையைச் செருமினான். வரும்போதே யோசித்துவைத்திருந்தான். "இதுல பயப்பட ஒண்ணும் இல்ல, பெரிய அண்ணி. விதைச்சது யாரு? நம்ம வீட்டு மனுஷியா? இல்ல. வந்த விருந்தாளி. வயல்ல கோழி பூந்து கிளறிட்டுப் போகுது, அதுக்குப் பேரு விதைப்பா? இதுவும் அப்படித்தான். விதையைப் பொறுக்கி எடுத்திருவோம். நாளைக்கோ மறுநாளோ நீங்க போட்டதுக்கப்புறம் செமே அண்ணி போடட்டும். சிராவும் இல்ல, கிராவும் இல்ல. அந்தம்மா மட்டும் தன் வாயால ஒரு வார்த்தை சொல்லிரணும், நான் இந்த வீட்டைச் சேர்ந்தவ இல்லன்னு."

கேட்டதும் அவோகோவுக்கு மூச்சு வந்தது. ஹலீனாவின் பக்கம் திரும்பி, சின்னச் சின்ன வார்த்தையாகப் பிட்டுப் பிட்டுச் சொன்னாள். இது ஏன் பயம், என்ன வந்துவிடும், பிள்ளைகளுக்கு என்ன ஆகும், இப்போது என்ன சொல்லவேண்டும். ஹலீனா கேட்கக் கேட்க அவள் கழுத்தெல்லாம் சிவந்தது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள், துடைத்த கையில் இருந்த சேறு கன்னத்தில் ஏறியது. பிறகு எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தொங்கவிட்டுச் சொன்னாள்:

"நான் அதோயோ இல்லை. நான் கோழி."

ஒவிட்டி திருப்தியாகத் தலையாட்டினான். அவோகோ மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேர் வைத்தது அவள்தான். பிடுங்குவதும் அவளாகவே போய்விட்டதே என்று இருந்தது.

"யாருடி கோழி?"

அப்போண்டி தடியைத் தரையில் ஓங்கி ஊன்றினாள்.

"என் வீட்டுல படுத்து எந்திரிக்கிறவ, என் பானையில தண்ணி மோந்து குடிக்கிறவ, அவ கோழியா? அப்ப நான் யாரு, கோழிக்கூடா? ஏன்டா ஒவிட்டி, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"அண்ணி, உங்க நன்மைக்குத்தான்..."

"என் நன்மை எனக்குத் தெரியும். இவ என் வீட்டுப் பொண்ணு. என் வீட்டுக் கை போட்டா நான் போட்ட மாதிரி. இந்த வளவுல மூத்தவ வீடு விதைச்சாச்சு. வரிசை எங்கயும் மாறல."

ஒவிட்டி ஸ்டூலில் நெளிந்தான். "அது சரி. ஆனா போட்டது செமே அண்ணி நிலத்துல ஆச்சே?"

"மாத்திக்குவோம். இந்த ஒரு விளைச்சலுக்கு மேடு எனக்கு, என் ஓடைக்கரை வயல் அவளுக்கு. விதையும் என் பானையில இருந்து எடுத்துக்கட்டும். கணக்குத் தீந்துச்சா?"

அவோகோ திகைத்துப்போனாள். ஓடைக்கரை வயல் கறுப்பு மண். பெரிது. அவளுடைய மேட்டைப்போல ஒன்றுக்கு இரண்டு விளையும். அந்த வயலில் இருந்து ஒரு கீரைத் தண்டு பறிக்கக்கூட இத்தனை வருஷத்தில் அப்போண்டி யாரையும் விட்டதில்லை. கொடுக்கிறாளே, எதற்குக் கொடுக்கிறாள்? இதில் ஏதாவது பொறி இருக்குமோ?

ஹலீனாவுக்கு நடப்பது பாதிதான் புரிந்தது. ஆனால் அப்போண்டி தனக்காகப் பேசுகிறாள் என்பது புரிந்தது. தானும் அவளுக்காக ஏதாவது பேசவேண்டும் என்று தோன்றியிருக்கும். முன்னால் வந்து, தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்போண்டி, நல்லவள்" என்றாள். "ராத்திரி... இடுப்பு... ஆ! ஆ! குனிய முடி..."

"வாயை மூடு, அதோயோ!" அப்போண்டி போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் நிஜமாகவே சிதறி ஓடின. "போயி கன்னத்தைக் கழுவு! சேறு காய்ஞ்சு தோல் உரியப்போகுது!"

ஒவிட்டி அதற்குள் எழுந்து மாடுகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை. அவோகோவின் காதில் விழுந்தது. அவள் அந்த உயரமான நாற்காலியைப் பார்த்தாள். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அப்போண்டி பாயில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, தூக்கிவிட யாராவது வரட்டும் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே நிற்பாள். இறங்கினால் முழு வயலும் போட்டுவிட்டுத்தான் ஏறுவேன் என்றாளே. இறங்க முடியாமல்தான் இத்தனை நாளும் மண்ணைக் குறை சொன்னாளா? நான் அதை வீம்பு என்று நினைத்துவிட்டேனே என்று அவோகோ தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போண்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் அதட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

அவோகோ எழுந்து இடுப்புத்துணியைத் தட்டிக்கொண்டாள். "ஓடைக்கரை வயலா? களை மண்டிப்போயிக் கிடக்குமேக்கா. உனக்கு நல்லா உழுத மேடு, எனக்கு அந்தச் சதுப்பா? நல்லா ஏமாத்துற நீ."

அப்போண்டியின் தோள் தளர்ந்தது. முகம் மலர்ந்துபோயிற்று.

"ஏமாறத் தெரிஞ்சவதானே நீ. போடி. விதைப்பானை கட்டிலுக்கு அடியில இருக்கு. நீயே குனிஞ்சு எடுத்துக்கோ."

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மேட்டில் கிளறிப்போட்ட முதல் வரிசையை ஹலீனா முந்தின சாயங்காலமே மறுபடி நூல் பிடித்து மூடிவிட்டிருந்தாள். ஒவிட்டி விடியற்காலையில் ஓடைக்கரையை உழுதான். அவன் உழ உழப் பின்னாலேயே அவோகோவும் ஹலீனாவும் பிள்ளைகளும் குழி போட்டுக்கொண்டே போனார்கள். விதவைப் பெண்களில் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். கறுப்பு மண் காலை உள்ளே இழுத்தது. ஹலீனா நூல் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள். நூல் கட்டினால் சாயங்காலம் வரை நூலைத்தான் விதைக்க முடியும் என்று பெண்கள் கேலி பண்ணினார்கள். கடைசியில் அவளுக்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொடுத்து, அங்கே நூல் கட்டிக்கொள்ள விட்டார்கள்.

வரப்பில் அதே நாற்காலி போட்டு அப்போண்டி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் வேலை சொன்னாள்.

"ரெண்டு விதை போடுடி, மூணு போடாத! கஞ்சியா காய்ச்சுற? ஏய், அங்க யாரு, வாயில போடுறது? பச்சை விதையைத் தின்னா வயித்துல முளைக்கும்!"

மேட்டு வழியாகக் கரைக்குப் போய்க்கொண்டிருந்த அமோலோ கூடையோடு நின்றாள். ஊர் வம்பை ஒன்றுவிடாமல் வீடு வீடாகக் கொண்டுசேர்க்கிறவள்.

"என்ன அப்போண்டி, உன் ஓடைக்கரையில செமேக்காரி இறங்கிட்டா? நீ விதைக்கலையா இந்த வருஷம்?"

வயலில் எல்லாக் கைகளும் ஒரு நிமிஷம் நின்றன. அவோகோ குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டாள்.

"விதைக்கலையாவா?" அப்போண்டி தடியைத் தூக்கி மேட்டைக் காட்டினாள். "எல்லாருக்கும் முந்தி இந்த வளவுல நான்தான் போட்டேன். என் வீட்டுப் பொண்ணு கையால. போற வழிதானே, என் வரிசையை ஒரு தடவை பாத்துட்டுப் போ. உன் வயலைப் போயி அதோட ஒப்பிட்டுப் பாத்தா உனக்கே அழுகை வரும்."

அமோலோ போய்ப் பார்த்திருக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான் பேச்சு.

மத்தியானத்துக்கு முன்பே ஓடைக்கரை முடிந்தது. பிள்ளைகள் ஓடையில் விழுந்து குளித்தார்கள். சோளக்களியும் ஒமேனாவும் வரப்புக்கே வந்தன; புளித்த பாலும் யாரோ கொண்டுவந்திருந்தார்கள். ஹலீனா உள்ளங்கையில் களியை உருட்டிக் குழி பண்ணி மீனை அள்ளிச் சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு இந்தத் தடவை அவோகோவுக்குச் சிரிப்பு வந்தது. ஏரிப்பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. வரட்டும் என்று நினைத்தாள். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்.

மற்றவர்கள் பாத்திரம் கழுவ இறங்கியபோது அப்போண்டி மெதுவாகக் கூப்பிட்டாள். "அவோகோ."

பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவோகோ போய்ப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள்.

"இவ லீவு முடிஞ்சு போயிருவா இல்ல?"

"அறுவடை வரைக்கும் இருப்பேன்னா. அப்புறம் போகணுமாம்க்கா."

"ம்." அப்போண்டி தடியின் முனையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் நீதான்க்கா முதல்ல போடுவ."

"எந்தக் கையால?"

அவோகோ ஓடைப்பக்கம் பார்த்தாள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என் வீட்டுல படுக்க இடம் இல்லாம ஒண்ணுமேல ஒண்ணு கிடக்குதுங்க. உன் வீட்டுல படுத்து எந்திரிச்சா உன் வீட்டுக் கைதானே? அடுத்த விதைப்பு வரும்போது அதுல ரெண்டு பொண்ணுங்களை உன்கிட்ட அனுப்பிவைக்கிறேன். சத்தம் போடாததுங்களாப் பாத்து."

அப்போண்டி அந்தக் கத்தலுக்குக் காதைக் கொடுத்தாள். முதல் துளிகள் வந்து வரப்பில் விழுந்தன. பிறகு தடியை ஊன்றி, அவோகோவின் தோளையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சத்தம் போடுறதாவே அனுப்பு" என்றாள். "அடுத்த விதைப்பு எதுக்குடி? இன்னைக்கே அனுப்பு."